கருப்பையாவுக்கு ஒரு பொட்டலம் லப்பே

ரங்கூன் டிராம் கண்டக்டர் செல்லக்கண்ணு தம் வாழ்நாளில் மூன்று சபதங்கள் செய்திருக்கிறார். சுருட்டை விட்டுவிடுவது என்பது முதலாவது. அது மூன்று நாள் தாங்கியது. அக்கா காளியம்மாவோடு சண்டை போடுவதில்லை என்பது இரண்டாவது. அது மூன்று மணி நேரம். மூன்றாவது சபதத்தை 1926-ஆம் வருஷம், தலைப்பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், லான்மடாவ் வீட்டில் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செய்தார்.

"தைலம், கேட்டுக்கோ! நம்ம பையன் பேரு தமிழன் வாயிலயும் நிக்கணும், பர்மாக்காரன் வாயிலயும் நிக்கணும். ரெண்டு வாயிலயும் உடையாத பேருதான் பேரு!"

தைலம்மாள் படுத்தபடியே புருஷனைப் பார்த்தாள். ரங்கூனிலேயே பிறந்தவள். தமிழில் சண்டை போட்டு பர்மியில் சமாதானம் ஆகக் கூடியவள்.

"அப்ப குமாரான்னு வைங்க. நமக்கும் வாயில வரும், அவங்களுக்கும் வரும். அவங்க சாமியார்ல ஒருத்தருக்கே அந்தப் பேரு இருக்காம். டோ மியா சொன்னாங்க."

டோ மியா பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவி. பிரசவம் பார்த்தவளும் அவள்தான். குழந்தை திங்கட்கிழமை பிறந்ததால் பெயர் 'க'வில்தான் ஆரம்பிக்க வேண்டும், அது பர்மாக்காரர்களின் கிழமைச் சட்டம் என்று பிறந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனவளும் அவள்தான்.

"குமாராவா? தெருவுக்கு நாலு குமாரு! என் டிராம்ல ஏறி 'குமாரு'ன்னு கூப்பிட்டா பாதி வண்டி திரும்பும். அது வேணாம்."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'வைக் கேட்டதுமே புத்தியுள்ள புருஷன் உஷாராகியிருக்க வேண்டும். செல்லக்கண்ணு ஆகவில்லை.

"அது போகட்டும். கொஞ்சம் லப்பே வாங்கியாங்களேன். கருவாட்டுக் குழம்பும் மிளகு ரசமும் தின்னு நாக்குச் செத்துப்போச்சு."

"பிள்ளை பெத்தவ ஊறுன தேயிலையைத் தின்பாளா? பத்தியம்னா என்னன்னு நினைச்சே? மூச்!"

"சரிங்க" என்றாள் தைலம்மாள் இரண்டாம் தடவையாக.

செல்லக்கண்ணுவின் மனசில் இருந்த பெயர் வேறு. கருப்பையா. அவருடைய அப்பா பெயர். முப்பது வருஷம் ரங்கூன் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கிய மனுஷன். அந்த முப்பது வருஷமும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பர்மாக்கார மேஸ்திரிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. வெள்ளைக்காரத் துரைக்கு நுழைக்க நேரமில்லை. 'ஏய்' என்று கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். அவர் செத்த அன்று மேஸ்திரி வந்து, "அந்த உசரமான ஆளா செத்தது?" என்று கேட்டது செல்லக்கண்ணுவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்து அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெயர் ரங்கூன் காற்றில் ஒரு நாளைக்கு நூறு தடவையாவது கேட்க வேண்டும், அதிலும் பர்மாக்காரர் வாயாலேயே கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இதை நேரே சொல்லியிருந்தால் தைலம்மாள் அப்போதே தலையாட்டியிருப்பாள். ஆனால் பெண்டாட்டியிடம் கேட்டு வாங்குவதில் ஆண்பிள்ளைக்கு என்ன பெருமை இருக்கிறது? ஜெயித்து வாங்க வேண்டும். ஆகவே பதினாறாம் நாள் பெயர் வைக்கும்போது டோ மியாவே நடுவர், எந்தப் பெயரை அவள் உடைக்காமல் சொல்கிறாளோ அதுவே பெயர் என்று அறிவித்தார். அறிவித்த கையோடு நடுவரை மடக்கப் புறப்பட்டார்.

தினமும் காலை முறை முடிந்து வரும் வழியில் ஒரு பொட்டலம் லப்பே வாங்குவார். ஊறிய தேயிலை, வறுத்த வேர்க்கடலை, எள், பொரித்த பூண்டு எல்லாம் தனித்தனி வாழையிலை மடிப்பில் இருக்கும். தைலம்மாள் மதியம் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் படியேறுவார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர்தான் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

"டோ மியா, என் வாயைப் பாருங்க. க... ருப்... பையா."

"கயூபே."

"பே இல்லை. பையா. ரு! ரு!"

"கோ செலாகனு, ஏன் கோபமா?" என்றாள் டோ மியா. பர்மியில் 'கோ' என்றால் அண்ணன்.

"கோபமில்லை, பாடம். ரு!"

"யூ."

நாலு நாள் 'யூ'விலேயே போயிற்று. ஐந்தாம் நாள்தான் செல்லக்கண்ணு குறையைக் கண்டுபிடித்தார். டோ மியாவின் கடைவாயில் முழ நீளத்துக்கு ஒரு சுருட்டு எப்போதும் புகைந்துகொண்டிருந்தது. அது குறுக்கே கிடக்கும்போது 'ரு' எந்தப் பக்கமாக வெளியே வரும்?

"சுருட்டை எடுத்துட்டுச் சொல்லுங்க."

"அது இல்லேன்னா வாய் சும்மா இருக்குமே?"

"அதுக்குத்தான் லப்பே!"

பதினைந்தாம் நாள் டோ மியா சொன்ன 'கருப்பையா'வைக் கேட்டிருந்தால் மதுரைக்காரனே மயங்கியிருப்பான். செல்லக்கண்ணு தம் முதுகைத் தாமே தட்டிக்கொண்டார். கை எட்டியவரைக்கும் தட்டினார்.

பதினாறாம் நாள். காளியம்மா மருமகனுக்கு வெள்ளிக் காப்போடு வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். தம்பியை அதட்டுவதற்கென்றே பிறந்த அக்கா அவள். டோ மியா புதுச் சட்டை போட்டுக்கொண்டு பாயில் அமர்ந்து, சுருட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். செல்லக்கண்ணு சட்டைப் பையிலிருந்து காகிதத்தை உருவினார். கடித்தால் பல் போகிற பெயராகப் பொறுக்கி, அவரே எழுதிய பட்டியல்.

"கதிர்வேல்!"

"கதீவே."

"போச்சு. கிருஷ்ணன்!"

"கித்தனா."

"பகவானே உடைஞ்சுட்டாரு! கோவிந்தன்!"

"கோ வின்? நம்ம மீன்காரனா? அவன் இன்னைக்கு வரலையே!"

காளியம்மா சிரித்துச் சிரித்துப் பாயில் சாய்ந்தாள். செல்லக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கடைசியா ஒரு பேரு. வருமோ வராதோ... கருப்பையா."

"கருப்பையா!" என்றாள் டோ மியா, கோயில் மணி அடித்தாற்போல.

"அடடா! பாருங்க அக்கா, தெய்வச் செயல்! திங்கட்கிழமைக் கணக்குக்கும் 'க' வந்துடுச்சு! தைலம், உனக்கு ஏதாவது ஆட்சேபணை?"

"எனக்கென்னங்க? நல்ல பேரு. அதையே வைங்க."

மூன்றாவது சம்மதம். செல்லக்கண்ணு குனிந்து பிள்ளையின் காதில் 'கருப்பையா, கருப்பையா, கருப்பையா' என்று மூன்று தடவை சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. காளியம்மாவும் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் அப்பாதானே.

"சரி, இப்பத் தாய் சொல்லணும். சொல்லு தைலம்" என்றாள் அவள்.

தைலம்மாள் பிள்ளையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"என்ன முழிக்கிறே?"

"நான் எப்படி மதினி சொல்லுவேன்? அது மாமா பேராச்சே."

காளியம்மா பதறிப்போய்த் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! சொல்லிடாதேடி! மாமனார் பேரை மருமக சொல்றதாவது! எங்க வீட்டுல நடக்குமா? டேய் தம்பி, உனக்கு மூளை இருக்கா? பேரை வச்சியே, பெத்தவ பிள்ளையை எப்படிடா கூப்பிடுவா?"

செல்லக்கண்ணுவின் வாய் டிராம் கதவு மாதிரி திறந்தே நின்றது. தைலம்மாள் அவர் பெயரையே ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் அப்பா பெயரையா சொல்லப் போகிறாள்? தெரிந்த விஷயம்தான். ஜெயிக்கிற அவசரத்தில் மறந்து தொலைந்தது.

"அதனால என்ன? நீ கூப்பிட வேற ஒரு பேரு வச்சுக்க. பத்து மாசம் சுமந்தவ நீ. உனக்குப் பிடிச்சதா வை" என்றாள் காளியம்மா.

தைலம்மாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"குமாரா."

"குமாரா!" என்றாள் டோ மியா. இதற்குப் பாடமும் வேண்டியிருக்கவில்லை, சுருட்டை எடுக்கவும் வேண்டியிருக்கவில்லை. இதற்குள் அது திரும்ப வாய்க்குப் போயிருந்தது. "திங்கட்கிழமைக்கும் சரி!"

சாயங்காலத்துக்குள் மாடிப் பர்மியர்களும் கீழ்வீட்டுத் தமிழர்களும் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள். அத்தனை பேர் வாயிலும் குமாராதான். தாய் கூப்பிடுகிற பெயரைத்தானே தெருவும் கூப்பிடும்?

'போகட்டும். நான் இருக்கிறேன். நூறு தடவையும் நானே கூப்பிடுகிறேன்' என்று மனசைத் தேற்றிக்கொண்டார் செல்லக்கண்ணு.

மறுநாள் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் சுருட்டோடு தொட்டிலருகே போனார். பிள்ளை சிணுங்கியது.

"டேய் கரு..."

அவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆறடி உயரத்தில், முறுக்கு மீசையோடு அப்பா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார். அவரைப் போய் 'டேய்' என்பதா? செல்லக்கண்ணுவின் கை தானாகவே சுருட்டை அணைத்தது. இன்னொரு கை தானாகவே லுங்கியை இறக்கிவிட்டது. தொட்டிலுக்கு முன்னால் கைகட்டி நின்றார். தொட்டிலுக்குள்ளிருந்து நேராக அவர் சட்டையின்மேல் மூத்திரம் வந்து விழுந்தது.

"ஏண்டா குமாரா!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சட்டையைப் பிழிந்தபடி தைலம்மாளின் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

"தைலம், என் அப்பா பேரை ஒருத்தராவது கூப்பிடக் கேக்கணும்னு நினைச்சேன். இப்ப நானே கூப்பிட முடியலையே."

தைலம்மாள் கையை நீட்டி அவர் தலையைத் தடவினாள்.

"பேரு பதிவுல மாமா பேருதானே? நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் தினம் கூப்பிடுவாரு. அதுவரைக்கும் கூப்பிட ஆள் வச்சிருக்கேன். இருங்க."

பலகைச் சுவரை விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"கருப்பையா! கருப்பையா! பால் குடிச்சியா?"

ஒரு 'ரு' பிசகவில்லை. செல்லக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ரங்கூன் முப்பது வருஷமாகக் கடன்பட்டிருந்த பெயரை ஒரு பர்மாக்காரி வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வந்துவிட்டது, அவர் அதை மறைக்கவும் இல்லை. அழுது முடித்ததும்தான் சந்தேகம் வந்தது.

"ஆள் வச்சியா? எப்போ?"

"நீங்க பாடம் எடுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே. மாமா பேரை நான் வாயால சொல்லித்தர முடியுமா? அதான் உங்களையே சொல்லித்தர விட்டேன். டோ மியா முதல் நாளே வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"அடிப்பாவி! நான் அந்தக் கிழவிக்கு அத்தனை பொட்டலம் லப்பே..."

"பாதிப் பொட்டலம்தாங்க கிழவிக்கு" என்றாள் தைலம்மாள். "இனிமே தினம் ரெண்டா வாங்கியாங்க. பூண்டு கொஞ்சம் கூடப் போடச் சொல்லுங்க, பத்தியத்துக்கு நல்லதாம்."