ஒன்றரைச் சைக்கிள் அண்ணையும் நடு அச்சும்

தொண்ணூறுகளில் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் யாரோ எறிந்த சைக்கிள் ஒன்று ஒன்றரைச் சைக்கிள் அண்ணையின் கைபடாமல் குப்பை லொறியில் ஏறியது என்றால், அது லொறிக்காரன் அவருக்குத் தெரியாமல் செய்த களவு.

டோர்செட் பார்க் மாடிக் கட்டிடத்தில் அவர் எங்களுக்கு அடுத்த கதவு. தனி ஆள். சொந்தப் பெயர் அவருடைய கடிதப் பெட்டிக்கு மட்டும் தெரியும். அவருடைய வீட்டில் எப்போதும் ஒரு முழுச் சைக்கிளும் ஒரு பாதிச் சைக்கிளும் நிற்கும். முழுச் சைக்கிளில் வேலைக்குப் போவார். பாதிச் சைக்கிளில் ஐந்நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் மொன்றியலுக்குப் போகப் போவதாகச் சொல்வார்.

அந்தப் பாதியைத்தான் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தார். கூடாரம், அடுப்பு, உடுப்பு எல்லாவற்றையும் ஏற்றி நாட்கணக்காக ஓடக்கூடிய நீட்டுச் சைக்கிள்.

"உயிர் போற இடத்திலை புதுசு, தம்பி. மிச்சமெல்லாம் குப்பை" என்பார்.

றிம், கம்பி, செயின், பிறேக் கட்டை கடையில் வாங்கியவை. சைக்கிளின் எலும்புக்கூடான பிறேம் எங்கள் கட்டிடத்துக் குப்பைத் தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. கரியர், யாரோ எறிந்த அவண் அடுப்பின் கம்பித்தட்டு. பாரம் தாங்குமா என்று பார்க்கக் கட்டிடத்தைப் பராமரிக்கும் சுப்பிறின்ரெண்டனை அதில் இருத்தினார். நூற்றிருபது கிலோ மனுசன். தட்டு அசையவில்லை. சுப்பிறின்ரெண்டன்தான் இறங்க மாட்டேன் என்று நின்றார்.

ஒருமுறை பெரிய பிறேம் ஒன்றோடு பஸ்ஸில் ஏற, சாரதி மறித்தார். அண்ணை பெட்டிக்குள் இரண்டு ரிக்கற் போட்டார். பிறேமை ஜன்னலோரம் இருத்திவிட்டுத் தான் நின்றுகொண்டு வந்தார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. காரணம் என் மனைவி. நாலு வருடம் காத்திருந்து அவளை ஊரிலிருந்து கூப்பிட்டேன். அவளுக்காகப் பழைய கார் ஒன்றும் வாங்கி வைத்தேன். அதில் ஏறினால் அவள் நித்திரையாகிவிடுவாள். அண்ணை ஒரு பெடலைக் கழுவினால் மட்டும் கதவைத் திறந்துகொண்டு ஓடுவாள்.

"இஞ்சரப்பா, அந்த மனுசன் சில்லுக்குக் கம்பி பின்னுது. வீணை மாதிரித் தட்டித் தட்டிப் பாக்குது. ஓடியாங்கோ!"

"நான் நேற்றுக் காருக்கு ஒயில் மாத்தினனான். அதை வந்து பாத்தனீரே?"

"அது கராச்சுக்காரன் எல்லோ மாத்தினவன்."

யூலை முடியும்போது அந்தச் சைக்கிளில் ஒரேயொரு குறைதான் இருந்தது. இரண்டு பெடலையும் சேர்க்கும் நடு அச்சு. கடையில் இருந்தவை எல்லாம் அந்தப் பழைய பிறேமுக்கு ஒன்றில் நீளம், இல்லையென்றால் கட்டை. அண்ணை குளிர்பானம் குடிக்கும் ஸ்ரோக்களைச் சரியான அளவில் வெட்டி, மாடியில் உள்ள எல்லாருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார்.

"எங்கையாவது கண்டால் அளந்து பாரும், தம்பி. என்ரை லீவு ஓகஸ்ற் முதல் இரண்டு கிழமைதான். அது போனால் அடுத்த வருசம்."

நான்தான் கண்டேன். அஜின்கோர்ட்டில் வேலை முடிந்து வரும் வழியில், ஒரு வீட்டு வாசலில் கழற்றிப் போட்ட சைக்கிள். காரை நிற்பாட்டி அதன் நடு அச்சை ஸ்ரோவை வைத்து அளந்தேன். மயிரிழை பிசகவில்லை.

கொடுத்தால் சைக்கிள் முடியும். முடிந்தால் என் மனைவி கை தட்டுவாள். எனக்கல்ல. வீட்டுக்கு வந்து, பிரிக்காத அரிசிப் பையின் ஓரத்தைக் கீறி அதை உள்ளே தள்ளினேன்.

முதல் இரவு நன்றாக நித்திரை வந்தது. பிறகு வரவில்லை. இரண்டு வருடமாகப் பின்னேரம் தோறும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட தட்டல் நின்றுவிட்டது.

"பாவம், சோறு குடுத்தன், வேண்டாம் எண்டிட்டார்" என்றாள் மனைவி. "திங்கட்கிழமை லீவு தொடங்குதாம்."

நேரே போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது. வெள்ளிக்கிழமை குப்பை நாள். காலையில் அரிசிப் பைக்குள் இருந்து அச்சை எடுத்து, அவர் வரும் வழியில் ஒரு குப்பைக் குவியலின் மேல் வைத்துவிட்டு மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றேன். அண்ணை வரவில்லை. பழைய இரும்பு பொறுக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வான் வண்டியில் வந்து அதைத் தூக்கினார்.

யாரோடும் கதைக்கக் கூசுகிற நான், எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தேன்.

"நோ! பிளீஸ்! மை பிறெண்ட்! சைக்கிள்!"

அவர் பயந்துபோய் அச்சை என் கையில் வைத்துவிட்டு வானை எடுத்தார். திரும்பினால், அண்ணை நிற்கிறார்.

"உது எங்கை எடுத்தனீர்?"

"இஞ்சை... குப்பையிலை."

ஸ்ரோவை எடுத்து அளந்தார். பிறகு அச்சைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். பழைய கிறீசில் பத்துப் பன்னிரண்டு அரிசி ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தார்.

"குப்பையிலை நல்ல சம்பா போட்டிருக்கிறாங்கள்" என்றார்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஒண்டு சொல்லவேணும், தம்பி. அரிசிக்குள்ளை கிடந்தபடியால் இரும்பிலை துளி கறள் பிடிக்கேல்லை. இது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது."

முகத்தில் நக்கலே இல்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"வாரும், வந்து பிறேமைப் பிடியும். தனிய இதைப் பூட்டேலாது."

அன்று முழுவதும் பிடித்தேன்.

திங்கள் காலை அவர் புறப்பட்டார். மனைவி புட்டுப் பார்சல் கட்டிக் கொடுத்தாள். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த இரண்டு கிழமையும் ரிவியில் காலநிலை சொல்லும்போது, ரொறன்ரோவை விட்டுவிட்டு, மொன்றியல் வழியில் எங்கே மழை என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.