இடப்பக்கக் கடைசி ஜன்னல்

முதல் செங்கல் பாதி வெளியே வந்திருந்தது.

"அதை அப்படியே உள்ள தள்ளுங்க" என்றார் புல்வெளியைக் குறுக்காகக் கடந்து வந்த பிளெத்திக்.

கொத்தனார் ஹெஸ்டரைப் பார்த்தார். ஹெஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அவரே உளியைக் கீழே வைத்துவிட்டார். புராதனக் கட்டட அதிகாரி சொன்னால் உளியைக் கீழே வைப்பது அந்த மாவட்டத்துக் கொத்தனார்களின் வழக்கம்.

பிளெத்திக் செங்கலை நாடி பிடிப்பதுபோலத் தொட்டுப் பார்த்தார். "மிஸ் வேவெல், நீங்க என்ன பண்றீங்கன்னு தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

"ஜன்னல் வைக்கிறேன்."

"இங்கதான் ஏற்கெனவே ஜன்னல் இருக்கே."

இருந்தது. ஓல்கோட் மாளிகையின் முகப்பில் வாசலுக்கு இடப்பக்கம் மூன்று ஜன்னல், வலப்பக்கம் மூன்று. அதில் இடப்பக்கக் கடைசி ஜன்னல் மட்டும் வெறும் பூச்சு. செங்கல் சுவரில் கண்ணாடிக்காகக் கறுப்பும் சட்டங்களுக்காக வெள்ளையும் தீட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் உள்ளே வெள்ளிப் பாத்திர அறை. பாத்திரங்களுக்கு வெளிச்சம் வேண்டாம், முகப்புக்கு வரிசை வேண்டும். கட்டியவர் இரண்டையும் சமாளித்தார். பாத்திரங்கள் ஏலத்தில் போய் இரண்டு தலைமுறை ஆகிறது. இப்போது அந்த அறையில் ஹெஸ்டரின் அண்ணன் அம்புரோஸ் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவரால் மாடியேற முடியாது. கீழே இருக்கும் பெரிய அறைகளைக் கயிறு கட்டிப் பார்வையாளர்களுக்கு விட்டாயிற்று. அந்தக் கட்டணம் வந்தால்தான் கூரை நிற்கும். சக்கர நாற்காலியில் வெளியே போகலாமென்றால் வாசற்படியும் புராதனம், அதன்மேல் சரிவுப் பலகை போடக் கூடாது. ஆகவே மனிதர் பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். ஒரு ஜன்னல் வேண்டும், ஏரியைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

பிளெத்திக் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அம்புரோஸின் இடுப்புக்குத் தம் அலுவலகத்தின் ஆழ்ந்த அனுதாபத்தைத் தெரிவித்தார். நாட்டில் நிஜ ஜன்னல்கள் கோடிக்கணக்கில் இருப்பதாகவும், இவ்வளவு நேர்மையான பொய் ஜன்னல் அரிதென்றும் சொன்னார். செங்கல் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றார்.

அடுத்து வந்தவர் தீயணைப்புத் துறையின் மிஸ் கிரிம்ஷா. ஹெஸ்டர்தான் எழுதிப்போட்டு வரவழைத்தார். ஓர் அதிகாரி மூடியதை இன்னோர் அதிகாரி திறப்பார் என்று அந்த வயதிலும் அவருக்கு ஒரு நம்பிக்கை.

"இதுல தூங்கறவர் தீப்பிடிச்சா எப்படி வெளிய போவார்?" என்று கேட்டார் மிஸ் கிரிம்ஷா.

"அதுக்குத்தாங்க ஜன்னல் கேக்கறேன்."

மிஸ் கிரிம்ஷா முகப்பின் வரைபடத்தை விரித்தார். முகம் தெளிந்தது. "இருக்கே."

"படத்துல இருக்கு. சுவத்துல இல்லையே."

"நான் சுவத்துக்கு அனுமதி குடுக்கறதில்லைங்க. படத்துக்குத்தான் குடுக்கறது."

தப்பிக்கும் வழியைக் கட்டில் மறைப்பதாகக் கண்டறிந்து, அதை எதிர் மூலைக்கு நகர்த்தச் சொன்னார். செங்கலுக்கு மேலே, அவசர வழி காட்டும், ஓடும் மனிதனின் படம் போட்ட பச்சை விளக்கைப் பொருத்தினார்கள்.

அன்று மாலை அம்புரோஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி ஹெஸ்ஸி, அவன் எங்க ஓடறான்?"

"வெளியேதான்."

"முட்டிக்கப் போறான், சொல்லு."

ஊர் கொதித்தது. மதுக்கடையில் கையெழுத்து வேட்டை நடந்தது. பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஒளியைப் பற்றிப் பேசி, பிளெத்திக் உட்கார்ந்திருந்த வரிசையை ஒருமுறை பார்த்தார். பிளெத்திக்கும் பிரசங்கத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்.

ஹெஸ்டர் வேறு வழி பார்த்தார். வலப்பக்கக் கடைசி அறை அவருடையது. அடுப்பும் படுக்கையும் அதில்தான். அங்கே இருந்த ஜன்னல் திறக்கும், மூடும், காற்றும் வரும். அடுப்பைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிவிட்டு அண்ணனை அங்கே கொண்டுவந்தார். தான் போய்ப் பச்சை மனிதனுக்குக் கீழே படுத்துக்கொண்டார்.

அம்புரோஸுக்கு உயிர் வந்தது. ஏரியோரம் ஒரு நாரை நிற்கும். அதற்கும் பாதிரியாருக்கும் நடை ஒன்றுதான் என்று கண்டுபிடித்தார். பார்வையாளர்களின் தொப்பிகளை உள்ளிருந்தபடியே உரக்க விமர்சித்தார். ஒரு வாரம் தவறாமல் முகச்சவரம் செய்துகொண்டார்.

பிறகு பிளெத்திக் வந்தார். இம்முறை அவர் குரலில் துக்கம் இருந்தது. இடப்பக்க ஜன்னலை ஆராயப்போன இடத்தில் வலப்பக்க ஜன்னலின் பூர்வோத்தரமும் வெளிவந்துவிட்டதாம். ஆதியில் அதுவும் பூச்சுதானாம். ஹெஸ்டரின் கொள்ளுத்தாத்தா யாரையும் கேட்காமல் உடைத்துத் திறந்துவிட்டாராம்.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும்கறீங்க. அவ்வளவுதானே?" என்றார் ஹெஸ்டர். "அப்போ அந்தப் பக்கத்தையும் திறந்துடுங்க."

"ஒண்ணுபோல இருக்கணும்தான். ஆனா எந்த ஒண்ணுபோலங்கறது கட்டினவர் முடிவு பண்ணிட்டாரு மேடம்."

"அவர் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு."

"அதனாலதான் மனசு மாத்திக்க மாட்டாரு."

ஹெஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். தான் எதுவுமே கேட்காததாக வைத்துக்கொள்ளச் சொன்னார். விஷயம் அலுவலகத்தின் கவனத்துக்கு வந்துவிட்டது, கவனத்துக்கு வந்ததைக் கவனத்திலிருந்து எடுக்க விதியில் இடமில்லை என்றார் பிளெத்திக். சொல்லும்போது அவர் கண் கலங்கியதாக ஹெஸ்டர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். மனிதர் நல்லவர்தான்.

அதே கொத்தனார் வந்தார். அந்தப் பக்கம் எடுக்கச் சொன்னார்கள், இந்தப் பக்கம் வைக்கச் சொல்கிறார்கள், தனக்குக் கூலி ஒன்றுதான் என்று முனகியபடி வேலையைத் தொடங்கினார். ஒரு செங்கல் அளவு ஓட்டை மிஞ்சியபோது அம்புரோஸ் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் பொறுப்பா. நாரை பறக்கட்டும்."

கொத்தனார் காத்திருந்தார். தேநீர் குடித்தார். மறுபடியும் காத்திருந்தார். நாரை அசையவில்லை. அவருக்கு அடுத்த ஊரில் வேலை இருந்தது.

வெளிப்புறத்தைத் தீட்ட லண்டனிலிருந்து ஓவியர் வந்தார். கறுப்புக் கண்ணாடியில் மேகத்தின் நிழலாட்டம்கூட விழுந்தது. படம் பத்திரிகைகளில் வந்தது. பார்வையாளர்கள் இருமடங்கானார்கள். நிஜ ஜன்னல்களின் முன்னால் யாரும் நிற்கவில்லை. அவற்றில் வெறும் அறைகள்தான் தெரிந்தன.

கையெழுத்துப் போட்ட ஊரும் யோசிக்க ஆரம்பித்தது. முதலில் மதுக்கடைக்காரர் தெருப்பக்க ஜன்னலை அடைத்துப் பூசினார். வங்கி மேலாளர் இரண்டை அடைத்தார். பழைய ஜன்னலை அடைக்க வக்கில்லாத புதுக் குடியிருப்புக்காரர்கள், இல்லாத ஜன்னல்களை வெற்றுச் சுவரில் தீட்டிக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட வீடுகளைப் பார்த்து மக்கள் பரிதாபப்பட்டார்கள். பாதிரியார் தேவாலயத்தின் பொருள்வைப்பு அறை ஜன்னலை மட்டும் அடைத்து, அதோடு நிறுத்திக்கொண்டார். பிளெத்திக்கின் மனைவி இப்போது பகலிலும் விளக்கைப் போட்டுத்தான் காய் நறுக்குகிறார்.

வசந்தத்தில் மரபுக் குழுவின் விருது வந்தது. இயற்கை வெளிச்சத்தை மரபு வழுவாமல் கையாண்டதற்காக என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருந்தார்கள். தகட்டோடு குழுத் தலைவி லேடி ராக்ஸ்டெட்டும் வந்தார். கூடவே பிளெத்திக். மதிய உணவுக்குப் பின் அம்புரோஸின் அறையிலேயே தேநீர். அறைக்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டதாக லேடி ராக்ஸ்டெட் சொன்னார். மங்கிய விளக்கொளியில் எது சர்க்கரைக் கிண்ணம் என்று தெரியாமல் பிளெத்திக்கின் விரல் வெண்ணெயில் போனது. சவரம் செய்யாத முகத்தோடு அம்புரோஸ் செங்கலைப் பார்த்தபடி கிடந்தார்.

"இப்பவும் அங்கதான் நிக்குதா?" என்று கேட்டார்.

"நிக்கும் அண்ணா."

"நிக்கட்டும்."

பேச்சு ரோஜாச்செடிகளுக்குத் திரும்பியது. கூடத்துக் கடிகாரம் மூன்று அடித்தது. முகப்புப் பக்கம் வெயில் இறங்கும் நேரம். விட்டால் கம்பளம் வெளுத்துப்போகும். ஹெஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். லேடி ராக்ஸ்டெட் முழங்காலைச் சற்று ஒதுக்கி வழிவிட்டார். ஹெஸ்டர் சுவரருகே போய், செங்கலின்மேல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தார்.