கரையே காணும்

மகள் கடலில் இறங்கப் போகிறாள் என்றால் ஒரு தகப்பன் என்ன செய்ய வேண்டும் என்பதில் உலகத்தில் அதிகம் கருத்து வேறுபாடு இல்லை. "பத்திரமாப் போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க வேண்டும். ஆனால் குவேக்கர்ஸ் ஹில் சேஷாத்ரி சாதாரணத் தகப்பன் அல்ல. சிட்னியில் ஒரு நகராட்சி அலுவலகத்தில் ஆபத்து மேலாண்மை அதிகாரி. அவர் கையெழுத்துப் போடாமல் அந்த வட்டாரத்துப் பூங்காக்களில் ஓர் ஊஞ்சல் ஆட முடியாது. வாத்துக் குளத்தின் ஓரத்தில் 'இங்கே தண்ணீர் இருக்கிறது' என்று பலகை வைத்தவர் அவர்தான். அதற்குப் பிறகு அந்தக் குளத்தில் ஒருவரும் விழவில்லை. அதற்கு முன்னாலும் விழவில்லை என்பதை அலுவலகம் பொருட்படுத்தவில்லை.

அவருடைய ஒரே மகள் ப்ரீத்திக்கும் வென்ட்வேர்த்வில் சிவனேஸ்வரியின் மகன் சுபாங்கனுக்கும் கல்யாணம் ஆனது. இருவரும் குளோவெலி கடற்கரையில் டைவிங் வகுப்பில் சந்தித்தவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் ஒழுங்காகப் பார்ப்பதற்கு முன்பே, கண்ணாடியும் குழாயுமாகக் காதலித்தவர்கள். தேனிலவுக்கு அவர்கள் பிடித்த இடம் கரீபியன் கடலில் பொனேர் என்ற தீவு. குவீன்ஸ்லாந்தில் உலகமே வந்து பார்க்கிற பவளப்பாறை இருக்கும்போது பூமிக்கு அந்தப் பக்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் காலத்து நாகரிகம் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கிற மீனைப் பார்த்தால் அது வெறும் சுற்றுலா. மூன்று விமானம் மாறிப் போய் மீனைப் பார்த்தால் அது அனுபவம். தவிர, குவீன்ஸ்லாந்தில் இரண்டு குடும்பத்துக்கும் சொந்தக்காரர்கள் நிறைய.

பொனேரில் கடலோரச் சாலை நெடுக மஞ்சள் கற்கள் போட்டிருக்கும். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, காற்று சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கல் கண்ட இடத்தில் நிறுத்தி, கரையிலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கலாம். படகு வேண்டாம், வழிகாட்டி வேண்டாம்.

"நாங்க ரெண்டு பேர் மட்டும்ப்பா. இன்டிபென்டன்டா" என்றாள் ப்ரீத்தி.

இன்டிபென்டன்ட் என்பது சேஷாத்ரியின் அலுவலகத்தில் கெட்ட வார்த்தை. அவர் உடனே ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஹாலில் ஓர் ஆலோசனைக் கூட்டத்தைக் கூட்டினார். சம்பந்தியம்மா சிவனேஸ்வரி ஒரு தட்டு மட்டன் ரோல்ஸோடு வந்தார். வட்டாரத் தமிழர் ஒன்றியத்தின் தலைவர் செந்தில்நாதன், அழைக்காமலே, நடுநிலைப் பார்வையாளராக வந்தார். சேஷாத்ரி முதலில் வாசல் கதவு, பின்கதவு, கராஜ் ஆகிய மூன்று அவசர வழிகளையும் கையால் சுட்டிக் காட்டினார். பிறகு டிவியில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள் தோன்றின.

"முதல் ஆபத்து, கடல்" என்றார். "ஆபத்தைக் கட்டுப்படுத்த விதிப்படி சில படிகள் இருக்கு. ஒண்ணு, நீக்குதல்."

"கடலையாப்பா நீக்கப் போறீங்க?"

"பரிசீலிச்சேன். தற்போதைக்கு சாத்தியமில்லைன்னு குறிச்சிருக்கேன். ரெண்டு, மாற்று ஏற்பாடு. கடலுக்குப் பதிலா பிளாக்டவுன் நீச்சல் குளம்."

"அங்க மீன் இல்லையே அங்கிள்" என்றான் சுபாங்கன்.

"அது கூடுதல் பாதுகாப்பு. மூணு, தனிமைப்படுத்தல்."

"அதுதான் அங்கிள் எங்களுக்கு வேணும்."

சிவனேஸ்வரி சிரிப்பை அடக்கிக்கொண்டு ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். சேஷாத்ரி அடுத்த கட்டத்துக்குப் போனார். அதில் இப்படி இருந்தது: 'புதுமணத் தம்பதியர் தனித்திருத்தல். நிகழும் வாய்ப்பு: மிக அதிகம். விளைவு: பேரக்குழந்தை. நிறம்: பச்சை.'

"இதையெல்லாம் எதுக்குங்க டிவில போடுறீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர் மனைவி விஜயா.

கடைசிப் படி, கரை அதிகாரி. கடலுக்குள் இறங்குகிறவர்களைக் கரையில் நின்று கண்காணிக்கத் தகுதி வாய்ந்த ஒருவர் வேண்டும் என்பது அதன் சாரம்.

"நானும் அம்மாவும் வர்றோம். நாங்க பாட்டுக்கு ஒரு ஓரமா நிப்போம்."

"என் ஹனிமூனுக்கு நீங்க ஆரஞ்சு கலர் சேஃப்டி வெஸ்ட் போட்டுட்டு வந்து நிக்கப் போறீங்களா?" ப்ரீத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆரஞ்சு இல்லம்மா. பளிச்சுன்னு மஞ்சள்."

"பொம்பிளைப் பகுதி வந்தால் மாப்பிளைப் பகுதியும் வரத்தானே வேணும்" என்றார் சிவனேஸ்வரி விளையாட்டாக. செந்தில்நாதன் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒன்றியத்தின் சார்பில் நானும் வரலாம்" என்றார்.

உண்மையைச் சொன்னால் சேஷாத்ரிக்குப் பயம். பெற்ற பெண் தண்ணீருக்கு அடியில் போய் மூச்சு விடுகிறாள் என்று நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. "எனக்குப் பயமா இருக்கும்மா" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அவள் வந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். அந்த வரிக்கு அவரிடம் கட்டம் இல்லை.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. யாரும் கூட வர மாட்டார்கள். பதிலுக்கு, 'தேனிலவுப் பாதுகாப்பு' என்று ஒரு வாட்ஸ்அப் குழு. ஒவ்வொரு தடவை இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் அதில் தகவல் போட வேண்டும். ஒரே ஓர் அபாயச் செய்தி வந்தாலும் கரைக் குழு விமானம் ஏறிவிடும். அது ஒன்றியம் கொண்டாடும் தமிழ் மாதம் என்பதால் குழுவில் தமிழ் மட்டுமே அனுமதி என்று செந்தில்நாதன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் பிறந்து சிட்னியிலேயே வளர்ந்த சுபாங்கனுக்குத் தெரிந்த தமிழ் அவன் அம்மாவிடம் கேட்ட யாழ்ப்பாணத் தமிழ் ஒன்றுதான்.

முதல் சில நாட்கள் ப்ரீத்தியே எழுதினாள். 'இறங்குகிறோம்.' 'ஏறிவிட்டோம்.' சேஷாத்ரி ஒவ்வொன்றுக்கும் 'பதிவு செய்யப்பட்டது' என்று பதில் போட்டார். அதோடு, இங்கிருந்தே ஒரு பாதுகாப்புப் படகு ஏற்பாடு செய்யட்டுமா என்று தினமும் கேட்டார். ஒரு நாள் அவளுக்கு அலுத்துப்போய், போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். அங்கே சாயங்காலம், இங்கே காலை. சேஷாத்ரி காபியும் கையுமாக இருந்தபோது அந்தச் செய்தி வந்தது.

'இண்டைக்கும் சுழியோடப் போறம் அங்கிள். போட் வேண்டாம், எங்களுக்குக் கரையே காணும். காத்தும் காணும். போட்டு வாறம்.'

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் செய்தியில் ஒரு குறையும் தெரியாது. மீதிப் பேர் இந்நேரம் பதறிப்போயிருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் சுழியோடுதல் என்றால் டைவிங். 'காணும்' என்றால் போதும். போட்டு வாறம் என்றால் போய்விட்டு வருகிறோம். சேஷாத்ரி பிறந்தது கும்பகோணத்தில். அங்கே 'காணும்' என்றால் தொலைந்துவிட்டது என்று அர்த்தம்.

"விஜி! சுழில மாட்டிக்கிட்டாங்க! கரையைக் காணுமாம்! காத்தும் காணுமாம்!"

"ஐயையோ! எதைப் போட்டுட்டு வர்றாங்களாம்?"

"தெரியலையே!"

சுபாங்கனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க ஆள் இல்லை. போன் பிக்கப் வண்டியிலும் ஆட்கள் கடலுக்குள்ளும் இருந்தார்கள். சேஷாத்ரி சிவனேஸ்வரியைக் கூப்பிட்டார்.

"சம்பந்தி, மெசேஜ் பாத்தீங்களா?"

"ஓம் அண்ணை, பாத்தனான்."

"கரை காணுமாமே!"

"ஓம், காணும்தானே. அதுகளுக்கு என்னத்துக்குப் போட்?"

"காத்தும் காணுமாம்!"

"அதுவும் நல்லதுதானே."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான். ஒராளுக்கு மட்டும் கண்டால் சரிவருமே? சேர்ந்துதானே போகினம்."

"சுழிங்க, சுழி! சுழியில போயிருக்காங்க!"

"சுழியோடத்தானே அண்ணை அவ்வளவு தூரம் போனவை."

"உங்களுக்குப் பயமாவே இல்லையா?"

"காணாட்டித்தானே அண்ணை பயப்பிட வேணும்? காணும் எண்டால் என்னத்துக்குப் பயம்? நீங்கள் சாப்பிட்டியளே?"

சேஷாத்ரி போனை வைத்தார். இப்படி ஒரு கல் நெஞ்சுக்காரத் தாயை அவர் பார்த்ததில்லை. அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே மஞ்சள் வெஸ்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, விமானச் சீட்டு தேடியபடி செந்தில்நாதனுக்குத் தகவல் சொன்னார்.

தமிழர் ஒன்றியம் வேகத்துக்குப் பேர் போன அமைப்பு அல்ல. அதன் பொங்கல் மலர் ஆடியில்தான் வரும். ஆனால் இரங்கல் சுவரொட்டி எப்போதும் தயாராக இருந்தது. போட்டோவையும் பெயரையும் மாற்றினால் போதும். காபி ஆறுவதற்குள் ப்ரீத்தியும் சுபாங்கனும் கல்யாண மாலையோடு, இரண்டு மெழுகுவர்த்திகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு, உறுப்பினர்களின் போன்களிலெல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

"என்ன சார் இது! இன்னும் உறுதியாகலையே!" என்று அலறினார் சேஷாத்ரி.

"சனிக்கிழமை ஹால் கிடைக்கிறதே கஷ்டம் சார். புக் பண்ணிட்டேன்" என்றார் செந்தில்நாதன் ஆறுதலாக. "நல்லபடியா வந்துட்டா வரவேற்பு, இல்லைன்னா இரங்கல். ரெண்டுக்கும் சாப்பாடு ஒண்ணுதான்."

அந்த நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ப்ரீத்தி நின்றாள்.

"அப்பா! ஆமை பாத்தோம்! இவ்வளவு பக்கத்துல! அப்பா? ஏன் வீட்டுக்குள்ள வெஸ்ட் போட்டிருக்கீங்க?"

சேஷாத்ரி விஜயாவைத் திரும்பிப் பார்த்தார். விஜயாதான் விக்கி விக்கி விஷயத்தைச் சொன்னார். ப்ரீத்தி முதலில் சிரித்தாள், பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "காணும்னா போதும்னு அர்த்தம்ப்பா. அவங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

சேஷாத்ரிக்கு அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. நிச்சயதார்த்த விருந்தில் சம்பந்தியம்மா இலைமேல் கையை மறைத்து "காணும், காணும்" என்றபோது, எதையோ பரிமாற விட்டுவிட்டார்கள் என்று பதறிப்போய் இன்னும் இரண்டு கரண்டி பாயசம் ஊற்றச் சொன்னவர் அவர். அந்த அம்மாள் மறுபடியும் "காணும்" என்றதும் மறுபடியும் ஊற்றச் சொன்னார். நல்ல மனுஷி, அத்தனையையும் குடித்து முடித்தார்.

வேறு யாராக இருந்தாலும் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் ஒரு சம்பவம் நடந்துவிட்டது. சம்பவம் நடந்தால் அறிக்கை வேண்டும். அறிக்கை என்றால் பரிந்துரை வேண்டும். உயிர் காக்கும் தகவல் தொடர்பில் 'காணும்' என்ற சொல்லைத் தவிர்க்கலாம் என்று சேஷாத்ரி அடக்கமாக ஒரு வரி எழுதினார். சனிக்கிழமை ஹாலில் கூடிய ஒன்றியம் அதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டது.

"தவிர்க்கலாம் இல்லை, தடை செய்யணும்" என்றார் செந்தில்நாதன். "இல்லாததைத்தான் காணும்னு சொல்லணும். எல்லாருக்கும் புரியற தமிழ் அதுதான்."

"எங்கட சொல்லைத் தடை செய்யிறதுக்கு நீங்கள் ஆர்?" என்று செயலாளர் கபிலன் எழுந்தார். "காணும் எண்டதை விட்டுப்போட்டு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

"காணும், இருங்க" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். எந்த அர்த்தத்தில் என்று கேட்டு இன்னொரு சண்டை வந்தது. சாப்பாடு வருவதற்குள் தமிழர் ஒன்றியம் இரண்டானது. ஒன்று தமிழர் ஒன்றியம்; மற்றது கபிலன் தலைமையில் அசல் தமிழர் ஒன்றியம். இரண்டும் தனித்தனி வரிசையில் நின்று ஒரே சாம்பாரை வாங்கிச் சாப்பிட்டன. தம்பதியரை விமான நிலையத்தில் வரவேற்கும் உரிமை தங்களுக்கே என்று இரண்டும் தனித்தனியே தீர்மானம் போட்டன.

அவர்கள் வந்து இறங்கும் நாளில் சிட்னி விமான நிலையத்தில் இரண்டு பேனர், இரண்டு ஜோடி மாலை, இரண்டு நாதஸ்வர ஸ்பீக்கர். நடுவே சேஷாத்ரி, கூட்ட நெரிசல் ஆபத்தை முன்னிட்டு மஞ்சள் வெஸ்ட்டில். விஜயா நிற்க முடியாமல் பெட்டி வண்டியில் சாய்ந்திருந்தார். கதவு திறந்து திறந்து மூடியது. கோல்ஃப் மட்டைகளோடு யாரோ வந்தார்கள். அழுகிற குழந்தையோடு யாரோ வந்தார்கள். கடைசியாக விமானப் பணிப்பெண்களும் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

சேஷாத்ரி எக்கிப் பார்த்தார். கால் வலித்தது. இத்தனை நாளும் அவர் காத்துக்கொண்டிருந்தது இந்த ஒரு முகத்துக்காகத்தான். பக்கத்தில் நின்ற சிவனேஸ்வரியிடம் சொன்னார்:

"பொண்ணைக் காணும்."

சிவனேஸ்வரி போனில் மகன் அனுப்பியிருந்ததைக் காட்டினார். உள்ளேயிருந்து பேனர்களைப் பார்த்துவிட்டு, இருவரும் வேறு வாசல் வழியாக வெளியேறி ரயிலும் ஏறிவிட்டார்கள்.

"ஓம் அண்ணை, காணும்" என்றார் அவர். "வாங்கோ, வீட்டை போவம்."

சேஷாத்ரி அவர் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை விளக்கம் கேட்கவில்லை. வெஸ்ட்டைக் கழற்றி மடித்து விஜயாவின் பையில் வைத்துவிட்டு, அந்த இரண்டு பெண்களுக்கும் பின்னால் நடந்தார்.

மாலைகள் வீணாகக் கூடாது என்று, இரண்டு தலைவர்களும் தங்கள் தங்கள் மாலையைத் தாங்களே போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். 'தம்பதியருக்கு மாபெரும் வரவேற்பு' என்ற தலைப்போடு அன்று மாலையே இரண்டு படங்களும் வெளிவந்தன. எண்ணூறு பேர் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள். இரண்டு படத்திலும் தம்பதியர் இல்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை.