ஆயிரம் படிக்கு நாற்பது நிமிடம்

கணக்கே தெரியாதவனால் வீட்டுக்கு ஆபத்து குறைவு. அரைகுறையாகத் தெரிந்தவன்தான் குடும்பத்தோடு கவிழ்ப்பான். நான் இரண்டாம் ரகம்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த புதிது. நேர்விகிதமும் வரைபடமும் நடத்தி நடத்தி, உலகமே ஒரு நேர்கோடு என்று நம்பியிருந்தேன். (வயது இருபத்திரண்டு, மன்னித்துவிடுங்கள்.) கோடை விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை, என் தங்கை வசந்தாவைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் பார்த்துவிட வேண்டும். காலை ஏழுக்கே வந்து இறங்கிய மாப்பிள்ளையின் அப்பா, "கோட்டைய ஒரு நடை பாத்துட்டு வந்துடலாமா?" என்றார்.

என் நைனா தயங்கினார். "வெயிலு ஏறிடுமே."

"எல்லாம் போட்டு வச்சிருக்கேன் நைனா" என்று கிராப் தாளை நீட்டினேன். விருந்தாளிகள் கேட்பார்கள் என்று முதல் நாளே கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் நூறு படி ஏறிப் பார்த்திருந்தேன். நான்கு நிமிடம். அந்த ஒரே புள்ளியைப் பூஜ்யத்தோடு சேர்த்து, ஸ்கேலை வைத்து ஆயிரம் படி வரை கோடு இழுத்திருந்தேன். "நாப்பது நிமிஷத்துல உச்சி. பத்து மணிக்கெல்லாம் வூட்ல இருப்போம்."

இட்லி சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளை, அவர் அப்பா, நான் மூவரும் படியேறத் தொடங்கியபோது எட்டரை. பெரியவருக்குக் கனத்த சரீரம். முதல் நூறு படி என் கோட்டின் மேலேயே வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாவது நூறுக்கு ஒன்பது நிமிடம். மூன்றாவது நூறுக்கு இருபது. இன்னும் இருபது படி ஏறி உட்கார்ந்தவர், எழுந்தாலே கண் இருட்டுகிறது என்றார். தண்ணீரும் தீர்ந்தது. நேரம் பாட்டுக்கு ஓட, படி மட்டும் நின்றுவிட்டது.

"தம்பி, உன் கோட்டுல இப்ப நாம எங்க இருக்கோம்?"

"உச்சியில, சார்."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

பத்தரையும் தாண்டியது. தங்கை கல்யாணத்தை ஒரு பென்சிலால் கெடுத்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது கீழேயிருந்து கொலுசுச் சத்தம். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மோர்த் தூக்கோடு வசந்தா! பின்னால் மூச்சிரைக்க நைனா.

"அண்ணா, உனக்கு அறிவு இருக்குதா? பெரியவர இந்த வெயில்ல உக்கார வச்சிருக்க. இன்னா வாத்தியாரோ!" என்று திட்டிக்கொண்டே அவருக்கு மோர் ஊற்றினாள். மூன்று டம்ளர் இறங்கியதும் பெரியவர் தெளிந்தார்.

"ராகுகாலமாவது ஒண்ணாவது. இந்தப் பொண்ணுதான் எங்க வூட்டுக்கு."

ஆவணியில் கல்யாணம். அதன்பிறகு வகுப்பில், நாலைந்து புள்ளி வைத்து, விகிதம் மாறவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்கேலைத் தொடுவேன். மாப்பிள்ளை மட்டும் இன்னும் விடவில்லை. போனில் "அரைமணியில வந்துடறேன்" என்றால் போதும், மறுமுனையில் கேட்பார்: "உக்கார்ற நேரத்தையும் சேத்தா, மச்சான்?"