நோட்டு எழுதின பிறகு கடைக்கு ஆள் வருவதில்லை

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மருமகன் ஸஜாத் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கல்முனையிலிருந்து உங்கள் மாமா றஊப் எழுதிக்கொள்வது. அல்ஹம்துலில்லாஹ், நானும் சுகம், உரக்கடையும் சுகம். தோஹாவில் நீங்களும் என் மகள் பஸ்லியாவும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். போனில் சொல்லலாமே என்பீர்கள். நான் "மருமகன்" என்று தொடங்கினாலே நீங்கள் "மாமா, மீட்டிங்" என்கிறீர்கள். அதனால் வியாழக்கிழமை கட்டாருக்கு வரும் றிஸ்மியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மீட்டிங் முடிந்து ஆறுதலாக வாசியுங்கள்.

நீங்கள் படித்த கணக்காளர். போன லீவில் வந்து கடைக் கணக்கைத் திருத்தித் தந்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் மாவடிப்பள்ளியில் வயல் செய்யும் மீராமுகைதீன் யூரியா மூட்டையைக் கடனுக்குக் கொண்டு போனால் நாளேட்டில் "கடன்பட்டோர் வரவு, விற்பனை செலவு" என்று எழுதச் சொன்னீர்களே, மூட்டையும் போயிட்டு, சல்லியும் வரல்ல, இதுல எனக்கு என்ன வரவு? ஒரு கிழமை யோசித்தேன். பிறகு யோசிக்காமல் எழுதப் பழகிவிட்டேன். பதிவுக்குக் கீழே விபரம் எழுத வேண்டும் என்றீர்கள், அதுதான் எனக்குப் பிடித்த இடம். "மீராமுகைதீனுக்கு யூரியா கடனாக. வாய்க்காலில் தண்ணி வரவில்லையாம். மகளுக்குப் பேசின மாப்பிள்ளை வீட்டார் மாடி வீடு கேட்கிறார்களாம். பிளேன்டீ குடித்தார். அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினார்" என்று எழுதிப் படம் எடுத்து அனுப்பினால், "மாமா, ஒரு வரி போதும்" என்று பதில் வருகிறது. பகல் சோறு தின்ட நேரத்திலிருந்து அஸர் வரைக்கும் இருந்த மனிசனை ஒரு வரியில எப்படி மருமகன் அடக்குற?

அதற்குப் பிறகுதான் பெரிய கூத்து. கடனாளிகள் எல்லாரிடமும் இன்ன தேதிக்குத் தருவேன் என்று நோட்டு எழுதி ஒப்பம் வாங்குங்கள், அவர்களைக் கடன்பட்டோரிலிருந்து எடுத்து, தேதி போட்ட கடனுக்கென்று தனியாக வருமதி நோட்டுக் கணக்கில் போடுங்கள் என்றீர்கள். நீங்கள் அனுப்பிய படிவத்தில் "வட்டி வீதம்" என்று ஒரு கட்டம் இருந்ததை நான் கவனிக்கவில்லை, மீராமுகைதீன் கவனித்துவிட்டார். "என்ன காக்கா, கடைசிக் காலத்துல வட்டிக்குக் குடுக்கத் தொடங்கிட்டீங்களா?" யா அல்லாஹ்! நான் மஃரிப் தொழுகைக்குப் போக முதல் கதை பள்ளிவாசலுக்குப் போயிட்டு. பள்ளி நிருவாகம் பார்க்கும் மரைக்காயர் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். வீட்டுக்கு வந்து அத்தனை கடதாசியிலும் அந்தக் கட்டத்தைக் கறுப்பு மையால் அழித்தேன். அடுத்த நாள் நற்பிட்டிமுனை நிஸாம் கடதாசியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அழிச்ச இடத்துல என்ன எழுதியிருந்தீங்க?" என்கிறான். ஒவ்வொருத்தனுக்கும் சத்தியம் பண்ணித்தான் ஒப்பம் வாங்கினேன்.

வாங்கினதோட எல்லாம் முடிஞ்சுது. முன்பெல்லாம் கடன் வைத்தவன் கிழமை தவறாமல் வருவான். சல்லி தர அல்ல, சல்லி இல்லை என்று சொல்ல. மழை பிந்திட்டு, நெல்லுக்கு விலை இல்ல, புள்ளைக்குக் காய்ச்சல் என்று கதிரையில் இருந்து சொல்லுவான், நான் ஏசுவேன், டீ வரும், பொழுது போயிடும். இப்ப வெள்ளாமை வெட்டுக்குப் பிறகு என்று தேதி போட்டாச்சு, அதுக்கு முதல் அவன் ஏன் வாறான்? போன செவ்வாய் மீராமுகைதீன் கடைக்கு முன்னால் சைக்கிளில் போனார். "நில்லுங்க தம்பி!" என்று செருப்பும் போடாமல் றோட்டில் ஓடினேன். டீக்குத்தான் மருமகன், வல்லாஹி டீக்குத்தான் கூப்பிட்டேன். மனிசன் திரும்பிப் பார்த்து, "தவணை இன்னும் வரல்ல காக்கா!" என்று கத்திக்கொண்டு சாறன் பறக்க மிதித்தார். கடனுக்கு விரட்டுறன் என்றுதான் பார்த்த சனமெல்லாம் நினைச்சிருக்கும்.

திரும்பி வந்து மேசையில் இருந்தேன். உங்கள் மாமி மௌத்தான பிறகு வீட்டில் கதைக்க ஆளில்லை, கடையில்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். இப்ப அதுவும் இல்ல. தனியா இருக்க எனக்கு ஏலாம இருக்கு. அன்று நாளேட்டில் பதிவு ஒன்றும் இல்லை, விபரம் மட்டும் எழுதினேன்: "இன்று யாரும் வரவில்லை." ஒரு வரிதான், நீங்கள் சொன்ன மாதிரியே.

இருந்தாலும் கவலைப்பட வேண்டாம். உங்கள் முறைதான் சரியான முறை. வெட்டு முடியும் வரை ஒரு நோட்டிலும் கை வைக்க மாட்டேன். பெருநாளைக்கு லீவு இல்லை, அடுத்த வருஷம் டிசம்பரில் கட்டாயம் வருவோம் என்று பஸ்லியா சொன்னாள். ஓம், ஆறுதலாக வாருங்கள். எனக்கு இங்கு ஒரு குறையும் இல்லை. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத்தையும், முடிந்தால் கொஞ்சம் லீவையும் தருவானாக. வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
மாமா றஊப்

பி.கு: மேலே உள்ளது நேற்று எழுதியது. இன்று காலை நோட்டெல்லாம் கிழித்துவிட்டேன். கிழித்த துண்டை மாவடிப்பள்ளிக்கே கொண்டு போய்க் காட்டி, "கடன் அப்படியே கிடக்கு, தவணைதான் இல்ல" என்றேன். மீராமுகைதீன் இப்போது முன்னால் கதிரையில் இருந்து சல்லி இல்லாத கதை சொல்கிறார், நான் ஏசிக்கொண்டே இதை எழுதுகிறேன். பதிவையும் திருப்பிப் போட்டாச்சு: கடன்பட்டோர் வரவு, வருமதி நோட்டு செலவு. விபரம்: ஆள் கடைக்கு வர வேண்டும். மற்றது, அந்த டிசம்பர் தேதி எனக்கு வேணாம் மகன். தேதி குடுத்தவன் அதுக்கு முதல் எட்டியும் பார்க்கிறதில்ல. உங்கள் ரெண்டு பேரையும் பழைய கடன்பட்டோரிலேயே வைத்திருக்கிறேன். வர ஏலாது என்று சொல்லவாவது கிழமைக்கு ஒருக்கா போன் எடுங்க.