நாலிஞ்சு ஒட்டிய அம்பு

இரும்புக்கு இரண்டு எதிரிகள். ஒன்று துரு. இன்னொன்று நாலிஞ்சு. துருவாவது மழைக்காலம் பார்த்து வரும். நாலிஞ்சு தினமும் சாயங்காலம் ஐந்தேமுக்காலுக்கு வந்துவிடுவார்.

திருப்பூர் ராயபுரத்தில் நான் கிரில் பட்டறை போட்ட புதிது. இரண்டாயிரம் பிறந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. பனியன் கம்பெனி இல்லாத சந்து இல்லை. தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். அவர்களைக் குடிவைக்க, இடம் வைத்திருந்தவர்கள் எல்லாம் மாடிக்கு மேல் மாடி ஏற்றி லைன் வீடு கட்டினார்கள். மாடி என்றால் வராந்தா. வராந்தா என்றால் தடுப்புக் கம்பி. கம்பி என்றால் நான். தொழில் ஓஹோவென்று போயிருக்க வேண்டியது. நாலிஞ்சு விடவில்லை.

அவருடைய உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. திருநெல்வேலிப் பக்கம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் குழந்தைகள் பனியனுக்குச் செக்கிங். அதிலும் கழுத்து மட்டும்தான் அவர் பொறுப்பு. கழுத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, டேப்பின் மேல் வைத்துப் பார்ப்பார். குழந்தையின் தலை நுழையும் அளவுக்கு விரியவில்லை என்றால் ரிஜெக்ட். குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டிவிடுவார். கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற குழந்தைகளின் தலை அளவு ஆறு மாதம், பன்னிரண்டு மாதம், பதினெட்டு மாதம் என்று வரிசையாக அவருக்கு மனப்பாடம்.

மனிதர் அத்தோடு நின்றிருக்கலாம். பனியன் கழுத்தில் தலை போக வேண்டும், மாடிக் கம்பியில் தலை போகக் கூடாது, இரண்டையும் பார்ப்பது தன் வேலை என்று அவராகவே முடிவு செய்துகொண்டார்.

கையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கும். டீ வாங்குவதற்கு என்று பெயர். அதன் குறுக்களவு சரியாக நாலு அங்குலம். மாடிப்படி, பால்கனி, கல்யாண மண்டபம் என்று எதைக் கண்டாலும் இரண்டு கம்பிக்கு நடுவில் சொம்பை வைத்துத் தள்ளுவார். நின்றால் பாஸ். அந்தப் பக்கம் போய் விழுந்தால், சட்டைப் பையிலிருந்து ஓர் அம்பு வெளியே வரும். விழுந்து விழுந்து சொம்பின் அடிப்பக்கம் முழுக்க நசுங்கல். ஒவ்வொரு நசுங்கலுக்கும் விலாசம் சொல்வார். "இது கல்யாண மண்டபம். இது டாக்டர் வீடு. இந்தா, இந்தப் பெரிய நசுங்கல் இருக்குல்லா, இது உம்ம கைவேலைவே!"

சொம்புக்கு முன்னால் அவர் வேறொரு ஏற்பாடு செய்யப் பார்த்திருக்கிறார். திருமுருகன்பூண்டிக்குப் போய், சிலை செதுக்குகிறவர்களிடம் கல்லில் ஒரு தலை மட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். எந்தச் சாமிக்குங்க என்று அவர்கள் பயபக்தியோடு கேட்டிருக்கிறார்கள். "சாமி எதுவும் வேண்டாம். ரெண்டு வயசு சைஸுல கொடுங்க போதும்" என்றாராம். அன்றைக்கு உளி எறியாமல் விட்டார்களே என்று எனக்குப் பல நாள் வருத்தம் இருந்தது.

எனக்கு முதன்முதலாகப் பெரிய வேலை ஒன்று கிடைத்தது. கீழே கட்டிங் யூனிட், மேலே எட்டு லைன் வீடுகள், வீடுகளுக்கு முன்னால் நீளமாக ஒரு வராந்தா. ஓனரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இடுப்பில் கைக்குழந்தை இருக்கும். ஒரு கையில் செல்போனை வைத்துக்கொண்டு கொத்தனார், தச்சர், பெயின்டர், நான் என்று எல்லோரையும் ஓட்டினார். "வெள்ளிக்கெழம பால் காய்ச்சறமுங்ணா. அதுக்குள்ள கம்பி நின்னுரோணும். நல்லா வந்துச்சுன்னா நம்ம சொந்த ஊடு கட்டறப்பவும் உங்களுக்குத்தானுங்க வேலை" என்றார். அந்தச் சொந்த வீட்டு வேலை மட்டும் கிடைத்தால் பட்டறை நிலைத்துவிடும். ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி என்று பேச்சு. முதல் பகுதியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால், கம்பி முழுக்கச் சிவப்பு அம்பு. ஒன்றல்ல, இருபத்தாறு. நாலிஞ்சுக்கு அன்று வார விடுமுறை.

ஓனரம்மா ஏறி வந்து பார்த்தார். "ஏனுங்ணா, இதென்ன கம்பிக்கு அம்மை போட்டாப்புல? ஊடு கட்டறது நானுங்களா, இவருங்களா?"

எனக்குச் சண்டை பிடிக்க வராது. வாயில் வார்த்தை வருவதற்குள் எதிராளி தன் வீட்டுக்கே போய்விடுவார்.

நாலிஞ்சு குழந்தையை உற்றுப் பார்த்தார். "ஒம்பது மாசம் சைஸு."

"ஏழு மாசந்தானுங்க ஆவுது."

"உடம்பு ஏழு மாசம்மா. தலை ஒம்பது மாசம் சைஸு. நாலு நாள்ல தவழ்ந்துரும், பாத்துக்கிடுங்க. ஆறு இஞ்சு விட்டா முழுப் புள்ளையும் போயிரும்."

ஓனரம்மாவின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் வியாபாரக் குடும்பம். "செரி, உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். அஞ்சுல முடிச்சுக்கலாமுங்களா?"

"அஞ்சு ஆறைவிட மோசம்மா. உடம்பு போயிரும், தலை மாட்டிக்கிடும். நாலுன்னா ஒண்ணும் போவாது."

இப்படிப் பேரம் முறிந்தது. நாலு அங்குலம் என்றே முடிவானது. ஆனால் கீழே இறங்கும்போது ஓனரம்மா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "நெருக்கமா வெச்சுக்கோங்ணா. ஆனா இரும்பு எடை பேசுனதுக்கு மேல ஏறக் கூடாதுங்க."

கம்பி எண்ணிக்கை கூட வேண்டும், எடை கூடக் கூடாது. நான் என்ன செய்வேன்? கம்பியை மெலிதாக்கிவிட்டேன். எட்டு எம்எம் உருட்டுக் கம்பி, நாலு அங்குலத்துக்கும் ஒரு நூல் குறைவான இடைவெளி. புதன்கிழமை வேலை முடிந்தது. ஐந்தேமுக்காலுக்கு அவர் சொம்போடு வந்தார். ஒவ்வொரு சந்திலும் வைத்துத் தள்ளினார். டங், டங் என்று நின்றது. ஒன்றில்கூடப் போகவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

அவர் சொம்பை என் கையில் கொடுத்தார். டீ வாங்கி வரச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு கம்பிகளை, பனியன் கழுத்தைப் பிடிப்பதுபோலவே, இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மெலிந்த கம்பி இரண்டு பக்கமும் வில்லாக வளைந்தது.

"தள்ளும்வே."

தள்ளினேன். சொம்பு வழுக்கிக்கொண்டு போய், கீழே பெயின்டர் கலக்கி வைத்திருந்த நீல டிஸ்டெம்பர் வாளிக்குள் விழுந்தது. பெயின்டர் என் தாயாரைப் பற்றி ஏதோ சொன்னது மாடிவரை கேட்டது.

"அண்ணாச்சி, ரெண்டு வயசுக் கொழந்தை இந்த இழுப்பு இழுக்குமுங்களா?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அது எங்கவே இழுக்கும்? மூத்தது இழுக்கும், இது நுழையும். வீட்டுக்கு ரெண்டு இருக்கும்லா!"

அவர் சொன்னது சரிதான். அதனால் கோபம் இன்னும் ஏறியது. அவர் அங்கே ஓர் அம்புகூட ஒட்டவில்லை. நேராக ராயபுரம் வந்து, என் பட்டறைக் கதவில், என் பெயர் எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்றை ஒட்டினார். "குறை கம்பியில இல்லவே" என்றார்.

அம்பைப் பிய்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "ஒட்டினவந்தான் எடுக்கணும். திரும்பவும் செக் பண்ணி பாஸ் பண்ணுனாத்தான் எடுக்கணும். எங்க செக்கிங்ல அதான் சட்டம்."

எட்டு எம்எம்மை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டு எம்எம் சதுரக் கம்பி வைத்தேன். எடை ஏறியது. வெள்ளிக்கிழமை கீழே பால் பொங்கும்போது மாடியில் என் வெல்டிங் பொறி பறந்துகொண்டிருந்தது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாம் அடுப்பைப் பார்ப்பதா, என்னைப் பார்ப்பதா என்று தெரியாமல் கண் கூச நின்றார்கள். ஓனரம்மா என்னோடு பேசவே இல்லை. சொந்த வீட்டு வேலை வேறொரு பட்டறைக்குப் போனது. நாலிஞ்சு மட்டும் மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல வந்து, "என்னவே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் கிரைண்டரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் சொன்னது எதுவும் எனக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் போயிருக்கும். ஒருநாள் சாயங்காலம் ஓனரம்மாவின் டிரைவர் பைக்கில் பறந்து வந்தான். "அண்ணா, கட்டிங் மெஷினை எடுத்துட்டு வாங்ணா. பாப்பா மாட்டிக்கிச்சு!" நாலிஞ்சு சொம்பில் டீயோடு நின்றிருந்தார். டீயைக் கொட்டிவிட்டு எனக்கு முன்னால் பைக்கில் ஏறிக்கொண்டார்.

புது வீட்டுப் பால்கனி. பூவும் கொடியுமாக வளைத்த அழகான கம்பி. அஞ்சு அங்குலம். குழந்தையின் உடம்பு வெளிப்பக்கம், தலை உள்பக்கம். கால்கள் பால்கனி விளிம்பில் ஊன்ற இடமில்லாமல் துடித்தன. ஓனரம்மா கம்பிக்கு வெளியே கையை விட்டு உடம்பைத் தாங்கிப் பிடித்தபடி, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தார். நான் மெஷினைப் போட்டேன். அந்தச் சத்தத்துக்குக் குழந்தை வீறிட்டுத் தலையைத் திருப்பியது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

"அதை அணையும்வே" என்றார் நாலிஞ்சு. மண்டிபோட்டார். குழந்தையின் காதுக்கு இரண்டு பக்கமும் இருந்த கம்பிகளைப் பிடித்தார். பனியன் கழுத்தை இழுக்கிற அதே பிடி. "ரெண்டு வயசு சைஸு" என்று முனகிக்கொண்டே இழுத்தார். நல்லவேளை, அதுவும் மெலிந்த கம்பி. நான் தலையைத் தாங்கி முகத்தைக் கொஞ்சம் திருப்பினேன். ஓனரம்மா உடம்பைத் தூக்கி உள்ளே இழுத்தார். குழந்தை தாயின் மடியில் வந்து விழுந்தது. காதோரம் இரண்டு சிவப்புக் கோடு. வேறு ஒன்றுமில்லை.

நாலிஞ்சு பையில் கையை விட்டார். ஓர் அம்பை எடுத்து அந்தக் கம்பியில் ஒட்டினார். அதைப் பார்த்துக் குழந்தை அழுகையை நிறுத்தித் தனக்கும் ஒன்று வேண்டும் என்று கை நீட்டியது. அவர் கொடுக்கவில்லை. "நீ நல்ல பீஸு. உனக்கு எதுக்கு?" என்றார்.

ஓனரம்மா என்னிடம், "நாளைக்கே கழட்டிட்டு நாலுல வெச்சுருங்ணா. எடை கெடக்குதுங்க" என்றார்.

அந்த வேலை முடிந்ததும், கதவில் இருக்கும் அம்பை இப்போதாவது எடுங்கள் என்று கேட்டேன். "பாக்கேன், இன்னும் நாலு வேலை பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றார். நாலு நாற்பதாயிற்று. தினமும் வந்தார், தினமும் இழுத்தார், தினமும் ஏதாவது குறை சொன்னார். பிறகு அவர் கம்பெனியில் குழந்தைகள் பிரிவை மூடினார்கள். ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அம்பை எடுக்க மறந்துபோனார்.

பட்டறைக் கதவுக்கு அதற்குப் பிறகு நான்கு தடவை பெயின்ட் அடித்தாயிற்று. அந்த அம்பைச் சுற்றித்தான் அடிக்கிறேன். ஒட்டினவரே வந்துதான் எடுக்க வேண்டும்.