முப்பத்தேழு ஆடுகளை இடப்பக்கம் திருப்பிய விவரம்

மே 16

அன்பு மகள் மிரெல்லாவுக்கு அப்பா ஒட்டாவியோ எழுதிக்கொள்வது. இடது முழங்கால் நீங்கலாக நான் முழு நலம். ஜெனோவாவில் நீயும் மாப்பிள்ளை ஃபப்ரிட்சியோவும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே மாத்திரையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுவாய் என்பதால் எழுத்தில் தருகிறேன். போன ஞாயிறு நீ சொன்னாய், "ஒரு நாள்கூட உங்களால தனியா சமாளிக்க முடியாதுப்பா, செப்டம்பர்ல வீட்டை வித்துட்டு இங்கயே வந்துடுங்க" என்று. அதற்குப் பதில் கீழே வருகிறது. உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஓய்வூதியர் சங்கத்திலிருந்து நாற்பது பேர் மோன்ஃபெர்ராத்தோ மலைப்பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போனோம். இயற்கை விவசாயம் காண்பது, ஒயின் ருசிப்பது, மாலை ஆறுக்குள் திரும்புவது என்று ஏற்பாடு. எனக்கு ஜன்னலோரம் கிடைக்கவில்லை, கிடைத்தது ரவிட்சாவின் பக்கம், அவன் நாற்பது வருஷம் கசாப்புக் கடை வைத்திருந்தவன், போகிற வழியில் தெரிந்த மாடு ஒவ்வொன்றும் எத்தனை கிலோ தேறும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். தோட்டத்தை நடத்துவது கிளேலியா என்று முப்பத்தைந்து வயதுப் பெண். ரசாயன உரம் தொடமாட்டாள், கொடி வரிசைகளுக்கு நடுவே மொச்சையும் கடுகும் விதைத்து அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழுதுவிடுகிறாள். ஆளுக்கொரு பிடி மண்ணைக் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொன்னாள். ரவிட்சாவுக்குத் தும்மல் வந்து அவன் பிடி முழுவதும் என் சட்டைக்கு வந்தது. புல் வெட்ட அவளிடம் எந்திரம் கிடையாது, தாத்தாவின் டிராக்டரை விற்று வாங்கிய முப்பத்தேழு செம்மறி ஆடுகள்தான். கொடி துளிர்த்தால் ஆடு துளிரையும் தின்றுவிடும் என்பதால் இப்போது பக்கத்துக் கொட்டைமரத் தோப்பில் மேய விட்டிருந்தாள். அதையும் சுற்றிக் காட்டினாள். நாங்கள் வெளியே வந்தபோது கடைசி ஆள் ரவிட்சா. படலைச் சாத்தினானா என்றால் சாத்தினான், கொக்கி போட்டானா என்றால் இல்லை.

கால் மணி நேரத்தில் மணியோசை. பார்த்தால் முப்பத்தேழும் தெருவில். கிளேலியாவின் முகம் வெளுத்துவிட்டது. "எதிர்த்தோட்டம் கௌதென்சியோ அண்ணனோடது. காலைலதான் கொடிக்கு மயில்துத்தம் அடிச்சாரு, அந்த நீல மருந்து முழுக்கச் செம்பு. ஆட்டுக்குச் செம்பு ஆகாது, அந்தப் புல்லைத் தின்னா ஒண்ணும் மிஞ்சாது" என்றாள். எல்லோரும் கையை ஆட்டிக் கத்தினார்கள், ஆடுகள் இன்னும் வேகமாக ஓடின. நான் முப்பத்தொரு வருஷம் சந்தை நாளில் அலெஸாண்ட்ரியா சதுக்கத்தில் போக்குவரத்துப் போலீஸாக நின்றவன். விசிலை எடுத்து ஊதினேன். "யாரும் கத்தாதீங்க. கூட்டத்தை நிறுத்தக் கூடாது, வேற வழியைக் காட்டணும்" என்றேன். டிரைவர் தீனோவிடம் பஸ்ஸைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தச் சொன்னேன். சங்கத்தாரை, வெயிலுக்குக் கொண்டுவந்த குடைகளோடு, எதிர்த்தோட்டம் இருந்த வலப்பக்கம் வரிசையாக நிறுத்தினேன். எதிர்த்தோட்டத்து வாசலில் ரவிட்சா.

"ஏன்டா நான் மட்டும் தனியா?"

"நீ சும்மா நில்லு. உன் மூஞ்சி போதும்."

ஆடுகளுக்கு ஆளைத் தெரியும் என்று நான் சொல்லவரவில்லை. முன்னால் வந்த மணி கட்டிய ஆடு அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது. நான் இடக்கையை நீட்டினேன். அது இடப்பக்கம் திரும்பி கிளேலியாவின் முற்றத்துக்குள் நுழைய, மற்றவை வரிசை தப்பாமல் பின்னால் போயின. எண்ணினேன், முப்பத்தாறு.

ஒரு குட்டி குடைகளுக்கு அடியில் புகுந்து கௌதென்சியோவின் கொடிகளுக்குள் போய்விட்டிருந்தது. முழங்காலைக்கூட யோசிக்காமல் நானே உள்ளே இறங்கி, நான்காவது வரிசையில் அது புல்லுக்குக் குனியும்போது பின்னங்காலைப் பிடித்து, தோளில் தூக்கிக்கொண்டு, கால்சட்டை இடுப்புவரை நீலமாக வெளியே வந்தேன். கிளேலியா அதன் வாயைத் திறந்து விரல் விட்டுப் பார்த்தாள், நாக்கைத் துடைத்துப் பார்த்தாள். "ஒண்ணும் தின்னலை" என்று சொல்லிவிட்டு அங்கேயே தெருவில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். சங்கத்தார் எல்லோரும் கைதட்டினார்கள். ஓய்வு பெற்ற நாளில்கூட எனக்கு யாரும் அப்படித் தட்டவில்லை, மகளே.

அப்புறம் ஒயின் ருசித்தோம். "என்ன வாசனை தெரியுது?" என்று கிளேலியா கேட்டாள். ஒருவர் செர்ரி என்றார், ஒருவர் ரோஜா என்றார். நான் மழையில் நனைந்த போலீஸ் பெல்ட் என்றேன். ரவிட்சா சிரித்தான். அவளோ, "ஐயா சொன்னதுதான் சரி, பழைய தோல் வாசனை, இந்த மண்ணுல அப்படித்தான் வரும்" என்று என் கோப்பையை மறுபடி நிரப்பினாள். எத்தனை முறை நிரப்பினாள் என்பது உனக்குத் தேவையில்லை.

ஆகவே, தனியாகச் சமாளிப்பது பற்றிய பேச்சு இத்துடன் முடிந்தது என்று கொள்ளவும். உன் வீட்டில் ஒளியும் அமைதியும் நிறையட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, இதை அவருக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஒட்டாவியோ பிரின்யோலோ

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு இங்கே கிளேலியாவின் தோட்டத்துக்கு வந்துவிடு, ஒரு கால்சட்டையும் அந்த மாத்திரைகளும் கொண்டு வா. வைக்கோல் மேல் ஐந்து நிமிடம் கண்ணை மூடினேன், பஸ் போய்விட்டது. தீனோ ஆட்களை எண்ணித்தான் கிளப்பினானாம், சரியாக நாற்பது. தன் கொடிகளைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்ல வந்து பஸ்ஸில் ஏறிய கௌதென்சியோ என் இருக்கையில் தூங்கிவிட்டிருக்கிறார். அவர் இப்போது ரவிட்சா வீட்டில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார், திரும்பி வரும் யோசனையே இல்லையாம்.